சென்னைல பாரிஸ் பக்கம் சுத்திப் பாக்க என்ன இருக்கு? சனி சாயங்காலம் ஒரு ஊரு, ஞாயிறு காலை இன்னொரு ஊரு

நீங்க கேட்டது இதுதான்: கோயம்புத்தூர்ல இருந்து சனிக்கிழமை மதியம் சென்னை வந்து சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல ரூம் போட்டு, ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயில் ஏறுறீங்க, கூட 68 வயசு அப்பாவும் 11 வயசு பையனும் வர்றாங்க, பாரிஸ் ஜார்ஜ் டவுன் ஏரியாவுல வெளிய நடந்து பாக்க ஏதாவது இருக்கா, இல்ல மொத்த வியாபாரமும் நெரிசலும் தானா, பேசாம ஏதாவது மாலுக்குப் போயிடலாமா. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் உங்க உண்மையான கேள்வி இடம் இருக்கா இல்லையாங்கறது இல்ல, வயசானவரையும் சின்னப் பையனையும் கூட்டிட்டுப் போய் அலைக்கழிச்ச மாதிரி ஆயிடக் கூடாதேங்கற பயம் தான். அதுக்குத் தான் பதில் சொல்றேன். தம்பு செட்டித் தெருவுல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல 19 வருஷம் வேல பாத்தேன், அதுக்கப்புறம் இப்ப வரைக்கும் சொந்தக்காரங்க, ஸ்கூல் பசங்க, தெரிஞ்சவங்க வெளியூர்ல இருந்து வந்தா இந்தத் தெருக்கள்ல நடத்திக் கூட்டிட்டுப் போறேன். நான் வரலாறு படிச்சவன் இல்ல, ஆனா இந்தத் தெருவெல்லாம் கால் பழகினது, படிச்சதையும் அங்க நின்னு பாத்ததையும் சேத்து வெச்சிருக்கேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இது தெரியாம தான் நெறைய பேரு போய் வெறுத்துப் போய் திரும்பி வர்றாங்க. ஜார்ஜ் டவுன் ஒரே இடத்துல இருக்கற ரெண்டு ஊரு. வேல நாள்ல, சனிக்கிழமையும் அதுல சேத்தி, அது ஒரு சந்தை. லோடு வண்டி, தள்ளுவண்டி, தலச்சுமை, நடைபாதையெல்லாம் கடை, நிமிந்து பாத்தா பின்னால இருந்து யாராவது "வழி விடுங்க"ம்பாங்க. ஞாயிறு காலைல அதே தெரு ஷட்டர் எறங்கிக் கெடக்கும், அப்பத் தான் அந்தக் கட்டடங்களோட முகம் தெரியும், தூணு, மரச்சட்டம், மாடியில செதுக்கின வருஷம், எல்லாமே வேல நாள்ல போர்டுக்குப் பின்னால மறைஞ்சு கெடக்கறது. கட்டடம் பாக்கணும்னா சந்தை நேரத்துல போகாதீங்க, சந்தை பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை போகாதீங்க. உங்களுக்கு சனி சாயங்காலமும் ஞாயிறு காலையும் ரெண்டுமே கையில இருக்கு, இதவிட நல்ல அமைப்பு கெடைக்காது.

சனிக்கிழமை 4.30 மணிக்கு மேல கெளம்புங்க, வெயில் தாழட்டும். சென்ட்ரல்ல இருந்து ஆட்டோவுல ராசப்ப செட்டித் தெரு கந்தகோட்டம்னு சொன்னா கொண்டு போய் விடுவாங்க. எறங்கினதுமே மூக்குல அடிக்கும் நாட்டு மருந்து வாசன, சுக்கு, அதிமதுரம், வசம்பு, சாம்பிராணின்னு வரிசையா கடைங்க, அப்பாவுக்கு இது கண்டிப்பா புடிக்கும், பேரே மறந்து போன மூலிகையெல்லாம் அங்க மூட்டையில இருக்கும். அப்படியே கந்தசாமி கோயிலுக்குள்ள போயிடுங்க. வள்ளலார் சின்ன வயசுல பாடின கோயில், "ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற" பாட்டு வர்ற தெய்வமணிமாலை இந்தக் கந்தகோட்டத்து முருகன் மேல பாடினது தான். அவரு குடியிருந்த வீடு ஏழுகிணறு வீராசாமித் தெருவுல இருக்கு, அங்க இருந்து ரொம்பத் தூரமில்ல, அப்பாவுக்கு வள்ளலார் மேல ஈடுபாடு இருந்தா ஒரு ஆட்டோ புடிச்சுப் போயிட்டு வாங்க. ஏழுகிணறுங்கற பேரே 1770கள்ல செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணி அனுப்பறதுக்குத் தோண்டின கிணறுகளால வந்தது. உப்புக்காத்து அடிக்கற ஊருல அந்தக் கிணத்துத் தண்ணி நல்லா இருந்ததால தான் அந்தக் காலத்துல அத அவ்வளவு பாதுகாத்தாங்க.

அடுத்து மின்ட் தெரு, தங்கசாலைத் தெருன்னும் சொல்வாங்க, கிழக்கிந்தியக் கம்பெனியோட நாணயச் சாலை 1840கள்ல அங்க போனதால வந்த பேரு. இதுல சவுகார்பேட்டைப் பகுதி வந்ததும் ஊரு மாறின மாதிரி இருக்கும், கடை போர்டுல இந்தி, பேச்சுல மார்வாடியும் குஜராத்தியும், வாசல்ல கொதிக்கற எண்ணெயில ஜிலேபி. பையனுக்கு முறுக்கு சாண்ட்விச் வாங்கிக் குடுங்க, ரெண்டு முறுக்குக்கு நடுவுல வெள்ளரி, தக்காளி, சட்னி வெச்சுக் குடுக்கற ஐட்டம், இது சவுகார்பேட்டைக்காரங்க கண்டுபிடிப்புன்னு தான் எல்லாரும் சொல்றாங்க, எந்தக் கடை மொதல்லங்கறதுக்கு ஆளுக்கு ஒரு பேரு சொல்வாங்க. காக்கடா ராம்பிரசாத் கடையில ஜிலேபியும் பாதாம் பாலும். ஒரே கடையில வயிறு ரொப்பிடாதீங்க, மூணு பேரும் ஒரு பிளேட்ட பகிர்ந்துக்கிட்டு நாலு எடத்துல சாப்பிடறது தான் இங்க சரி. பையன் கையப் புடிச்சுக்குங்க, பைக்கு எந்தப் பக்கத்துல இருந்து வேணாலும் வரும், மொபைல முன்பக்கப் பாக்கெட்ல வைங்க.

7 மணிக்கு மேல உடம்புல தெம்பு இருந்தா ஆட்டோவுல பீச் ஸ்டேஷன் பக்கம் வந்து அத்தோ சாப்பிடுங்க. இதுல ஒரு கதை இருக்கு, பையனுக்கு சொல்ல வேண்டிய கதை. பர்மாவுல தலைமுறையா இருந்த தமிழ்க் குடும்பங்கள், 1962ல அங்க ராணுவ ஆட்சி வந்து கடைகண்ணியெல்லாம் அரசுடைமை ஆன பிறகு, கையில இருந்தத விட்டுட்டு கப்பல் ஏறி இதே துறைமுகத்துல வந்து எறங்கினாங்க. அவங்க பொழைக்கறதுக்காக 1969ல வந்தது தான் ராஜாஜி சாலையோரத்துல நீளமா போற பர்மா பஜார். அவங்க கூடவே வந்த சாப்பாடு தான் அத்தோ, நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாம் கையாலயே பெசைஞ்சு குடுப்பாங்க, கூட வாழைத்தண்டு போட்ட சூப்பும் வரும். காரம் கொறச்சுக் கேளுங்க. எனக்கு இந்தத் தள்ளுவண்டிக் கடைங்க மேல ரொம்ப மரியாதை உண்டு, ஒரு நாட்ட எழந்துட்டு வந்தவங்க அந்த நாட்டோட ருசிய மட்டும் விடாம வெச்சிருக்காங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை. இதுக்குத் தான் நான் இவ்வளவு எழுதறேன். காலைல 6.30க்கு ரூம விட்டுக் கெளம்பிடுங்க. சென்ட்ரலுக்கு எதிர்ல பார்க் ஸ்டேஷன், அங்க எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினா அடுத்தது கோட்டை, அதுக்கடுத்து கடற்கரை ஸ்டேஷன், நேத்து சொன்ன அதே பீச் ஸ்டேஷன் தான். எறங்கினதும் பையன் கேப்பான், பீச்சு எங்கன்னு. அந்தக் கேள்விய கேக்க வைங்க, ஏன்னா இந்தப் பேட்டையோட மொத்தக் கதையும் அதுல தான் இருக்கு. ராஜாஜி சாலைக்கு பழைய பேரு ஃபர்ஸ்ட் லைன் பீச். கடல் அந்த ரோட்டு ஓரம் வரைக்கும் இருந்துச்சு. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், ஆணியே இல்லாம கயித்தால தச்ச மசூலாப் படகுல சரக்கையும் ஆளையும் அலைய தாண்டிக் கொண்டு வந்து மணல்ல எறக்குவாங்க. பாதி நேரம் நனைஞ்சு தான் வருவாங்க, கவர்னரா இருந்தாலும் அதே படகு தான். அப்புறம் 1870கள்ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க, 1881ல ஒரு புயல் வந்து கட்டினத ஒடச்சுப் போட்டுச்சு, திரும்பக் கட்டினாங்க. கடலுக்குள்ள கல்லுச்சுவர் நீட்டினதும் என்ன ஆச்சுன்னா, நம்ம கரையோரமா வருஷத்துல பெரும்பாலான மாசம் தெக்க இருந்து வடக்கே நகர்ந்துட்டே இருக்கற மணலு அந்தச் சுவர்ல முட்டி நின்னுடுச்சு. தெக்குப் பக்கம் மணல் சேந்து சேந்து இன்னைக்கு நாம பாக்கற அகலமான மெரினா உருவாச்சு, வடக்குப் பக்கம் ராயபுரம், காசிமேடு கரைக்கு மணல் வராம கடல் அரிச்சுட்டே போச்சு, இப்ப அங்க கருங்கல்லு கொட்டித் தான் காப்பாத்தறாங்க. ஒரே சுவரு ஒரு பக்கத்துக்கு பீச்சக் குடுத்து இன்னொரு பக்கத்துல வீட்டக் கொண்டு போச்சு. இது சந்தேகம் இல்லாத விஷயம், என்ஜினியருங்க நூறு வருஷத்துக்கு மேல எழுதிட்டு வர்றது தான்.

ஸ்டேஷன்ல இருந்து தெக்கப் பாத்து நடங்க, செகப்பா நிக்கற ஜி.பி.ஓ., அதாவது பெரிய தபால் ஆபீஸ், ராபர்ட் சிஸம்ங்கற கட்டடக் கலைஞர் வரைஞ்சது, 1884ல முடிஞ்சது, அப்புறம் ஸ்டேட் பேங்க் கட்டடம், ரெண்டையும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு பாருங்க, கிட்டப் போனா தெரியாது. பாரி முனையில இருக்கற டேர் ஹவுஸ் 1940ல கட்டினது, மூலையில வளைஞ்சு நிக்கற அந்தப் பாணி பம்பாய் மரீன் டிரைவ் கட்டடங்களோட காலத்துது. தாமஸ் பாரிங்கற வேல்ஸ்காரர் 1788ல இங்க வந்து ஆரம்பிச்ச கம்பெனியோட எடம், அவரு பேரு தான் நம்ம வாயில பாரிஸ் ஆயிடுச்சு. அதோட வளாகத்துல ஒரு சின்ன கல்தூண் இருக்கு, தேடிப் பாருங்க. 1773 ஜனவரி 1ஆம் தேதி வெள்ளைக்காரங்க இந்தப் பேட்டைக்கு எல்லை போட்டு ஆறு தூண் நட்டாங்க, இதுக்குத் தெக்கே கோட்டை வரைக்கும் எந்த வீடும் இருக்கக் கூடாதுன்னு. மிச்சம் இருக்கறது இது ஒண்ணு தான். ஏன் அப்படின்னா, 1746ல பிரெஞ்சுக்காரங்க மதராச புடிச்சு மூணு வருஷம் வெச்சிருந்தாங்க, ஊரு திரும்பக் கெடச்சதுக்கப்புறம், கோட்டைய ஒட்டி வீடு இருந்தா எதிரி அதுல ஒளிஞ்சு சுடுவான்னு கோட்டைக்கு வடக்க நம்ம ஆளுங்க குடியிருந்த பகுதிய, வெள்ளைக்காரங்க கறுப்பர் பட்டணம்னு கூப்பிட்டது, முழுசா இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. இன்னைக்கு ஹைகோர்ட்டும் பழைய லா காலேஜ் கட்டடமும் நிக்கற நெலம் தான் அது. அங்க இருந்து தள்ளி வந்து குடியேறினது தான் இப்ப நீங்க நடக்கற ஜார்ஜ் டவுன். பேரு மாறின வருஷத்துக்கு 1911ன்னு பெரும்பாலும் சொல்றாங்க, ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டினப்ப, ஆனா அவரு இளவரசரா வந்துட்டுப் போன 1906லயேன்னு எழுதினவங்களும் இருக்காங்க. வருஷம் எதுவா இருந்தாலும் கறுப்பர் பட்டணங்கற பேரு போனது ரொம்ப நல்லது.

ஹைகோர்ட்ட வெளிய நின்னு பாருங்க, ஞாயித்துக்கிழமை உள்ள விட மாட்டாங்க, வேல நாள்லயும் கெடுபிடி ஜாஸ்தி. 1892ல திறந்தது. அந்த உசரமான கோபுரத்து உச்சியில 1894ல இருந்து 1977 வரைக்கும் கலங்கரை விளக்கம் எரிஞ்சுச்சு, கோர்ட்டு மேல லைட் ஹவுஸ். அதுக்கு முன்னாடி 1844ல கட்டின கிரானைட் தூண் விளக்கு அதே வளாகத்துக்குள்ள தனியா நிக்குது. அதுக்கும் முன்னாடி 1796ல மொத விளக்கு கோட்டைக்குள்ள, இப்ப மியூசியமா இருக்கற கட்டடத்து மேல, தேங்கா எண்ணெயில எரிஞ்சுச்சு. நாலாவது தான் மெரினாவுல நீங்க பாக்கறது. லண்டனுக்கு அடுத்து உலகத்துலயே ரெண்டாவது பெரிய கோர்ட் வளாகம்னு எல்லா எடத்துலயும் எழுதுறாங்க, எந்தக் கணக்குலன்னு கேட்டா பதில் வராது, அதனால நான் கூட்டிட்டுப் போறவங்க கிட்ட அத சொல்றதில்ல. இன்னொண்ணு நிச்சயமா உண்மை, வருஷத்துல ஒரு நாள் ஹைகோர்ட்டோட எல்லா கேட்டையும் 24 மணி நேரம் பூட்டி வைப்பாங்க, இது பொதுவழின்னு யாரும் உரிமை கொண்டாடிடக் கூடாதுன்னு வந்த பழக்கம்.

வெளிச்சுவர்ல எம்டன் குண்டு போட்டதுக்கு ஒரு நினைவுக் கல் பதிச்சிருக்காங்க, அங்க அப்பாவ கொஞ்சம் பேச விடுங்க, அவரு தலைமுறைக்கு இந்தக் கதை தெரியும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து நூத்துக்கும் மேல குண்டு போட்டு எண்ணெய் டேங்குகள எரிய விட்டுட்டுப் போயிடுச்சு, ஊரே மூட்டை முடிச்சோட ஓடுச்சு, "அவன் பெரிய எம்டன்பா"ங்கற பேச்சு அப்ப வந்தது தான். சுதந்திரப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பல்ல இருந்தார்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க, அது மனசுக்குப் புடிச்ச கதை, ஆனா ஆவணம் எதுவும் அதுக்கு இல்ல, அந்த நேரத்துல அவரு ஐரோப்பாவுல இருந்து வேல பண்ணிட்டு இருந்ததா தான் தெரியுது. பையனுக்கு சொல்லும்போது இப்படி ஒரு கதை உண்டுன்னு சொல்லுங்க, நடந்ததுன்னு சொல்லாதீங்க.

அங்க இருந்து அரண்மனைக்காரன் தெருவுக்குள்ள திரும்புங்க. அங்க அரண்மனை எதுவும் இருந்ததில்ல. ஆர்மேனியன் தெருவுங்கறது தமிழ் வாய்க்கு அரண்மனைக்காரன் ஆயிடுச்சு, அவ்வளவு தான். ஆர்மேனியாவுல இருந்து வந்த வியாபாரிங்க ஒரு காலத்துல இந்த ஊருல பெரிய கை, இப்ப அவங்க குடும்பம்னு இங்க யாரும் இல்ல, 1772ல கட்டின சர்ச் மட்டும் இருக்கு. உள்ள போனா தெருச் சத்தம் அப்படியே நின்னுடும், முற்றமெல்லாம் கல்லறைக் கல்லு, அதுக்கு நடுவுல செடி. உலகத்துலயே மொத ஆர்மேனிய மொழிப் பத்திரிகை அஸ்தரார், 1794ல வந்தது நம்ம மதராசுல இருந்து தான், அத நடத்தின பாதிரியார் இந்த வளாகத்துலயே அடக்கம் ஆயிருக்காரு. தன் ஊருல இருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்து தன் மொழியில பத்திரிகை போட்ட மனுஷன், ஒவ்வொரு தடவையும் அந்தக் கல்லு முன்னால ஒரு நிமிஷம் நின்னுட்டுத் தான் வருவேன். தனியா நிக்கற மணிக்கூண்டுல ஆறு மணிங்க தொங்குது, ஒவ்வொண்ணும் ஏறக்கொறைய 150 கிலோ, ஞாயித்துக்கிழமை காலைல 9.30க்கு அடிக்கறது வழக்கம், அதுக்குத் தகுந்த மாதிரி உங்க நடைய அமைச்சுக்குங்க. மதியத்துக்கு மேல மூடிடுவாங்க.

பக்கத்துல தம்பு செட்டித் தெருவுல காளிகாம்பாள் கோயில். பாரதியார் 1904க்கு அப்புறம் சுதேசமித்திரன் பத்திரிகையில வேல பாத்த காலத்துல இங்க வந்து போவார்னு சொல்றத நம்பலாம், ஆபீஸ் அந்தப் பகுதியில தான் இருந்துச்சு. சிவாஜி 1677 அக்டோபர்ல மாறுவேஷத்துல வந்து கும்பிட்டார்னு கோயில்ல எழுதி வெச்சிருக்காங்க. அந்த வருஷம் அவரு படையோட தெக்க வந்தது வரலாறு, கோயிலுக்கு வந்தது கோயில் சொல்ற செய்தி, ரெண்டையும் பிரிச்சு வெச்சுக்கறது நல்லது. இன்னும் நடக்க முடிஞ்சா என்.எஸ்.சி. போஸ் ரோட்டுல பச்சையப்பன் ஹால், ஏதென்ஸ் கோயில் மாதிரி தூண் வெச்சு 1850 வாக்குல கட்டினது, வேல நாள்ல கடைங்களுக்கு நடுவுல கண்ணுலயே படாது, ஞாயித்துக்கிழமை தான் நல்லா தெரியும். பூக்கடைப் பக்கம் சென்ன கேசவப் பெருமாளும் சென்ன மல்லீஸ்வரரும் ஒட்டி ஒட்டி நிக்கற பட்டணம் கோயில், பழைய கோயில் ஹைகோர்ட் நெலத்துல இருந்து இடிபட்டதுக்குப் பதிலா மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னால நின்னு கட்டிக் குடுத்தது. சென்னைங்கற பேரே இந்தப் பெருமாளால வந்ததுன்னு சிலரு சொல்றாங்க, வெள்ளைக்காரங்களுக்கு இந்த எடத்தக் குடுத்த தாமர்ல சகோதரர்களோட அப்பா சென்னப்ப நாயக்கர் பேருன்னு தான் நெறைய பேரு ஏத்துக்கறாங்க.

அப்பா விஷயத்துல கண்டிப்பா சொல்றேன். ஒரு தடவை மே மாசம் காலைல 11 மணிக்கு எங்க மாமாவ கூட்டிட்டுப் போயிட்டேன், தெரு நடுவுலயே மயக்கம் வந்து உக்காந்துட்டாரு, ஒரு கடைக்காரர் உள்ள கூட்டிட்டுப் போய் ஃபேன் போட்டு உப்பு போட்ட மோர் குடுத்தாரு. அன்னைல இருந்து 10 மணிக்கு மேல யாரையும் வெயில்ல நடத்தறதில்ல. நான் சொன்ன ஞாயிறு நடை மொத்தமே 3 கிலோமீட்டர் சுமாருக்குத் தான் வரும், அவருக்கு கால் வலிச்சா சர்ச்சோட நிறுத்திடுங்க, மண்ணடி மெட்ரோவும் ஹைகோர்ட் மெட்ரோவும் ரெண்டு பக்கமும் இருக்கு. நடைபாதை ஒரே மட்டமா இருக்காது, செருப்பு வேணாம், ஷூ போடச் சொல்லுங்க. சுத்தமான டாய்லெட் இந்தப் பக்கம் கெடைக்கறது கஷ்டம், அதனால ரூம்ல முடிச்சுட்டு வாங்க, நடுவுல டிபனுக்கு ஓட்டல்ல உக்காரும்போது பாத்துக்குங்க. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வந்தா சுகம், அக்டோபர் நவம்பர்னா குடை எடுத்துக்குங்க, மழை பெஞ்சா இந்தத் தெருவுல தண்ணி நிக்கும்.

டிபன் முடிச்சு 10.30 வாக்குல ஆட்டோவுல செயின்ட் ஜார்ஜ் கோட்டை. மியூசியம் வெள்ளிக்கிழமை தான் லீவு, ஞாயிறு திறந்திருக்கும், அடையாள அட்டை கையில வெச்சுக்குங்க, தலைமைச் செயலகம் உள்ளேயே இருக்கறதால செக்கிங் இருக்கும். உள்ள 1680ல கட்டின செயின்ட் மேரிஸ் சர்ச்சு, ராபர்ட் கிளைவுக்கு 1753ல கல்யாணம் நடந்த எடம், ஞாயிறு காலை ஆராதனை முடிஞ்சதுக்கு அப்புறமா போங்க. பையனுக்கு வாளும் பீரங்கியும் புடிக்கும்னா மியூசியத்துலயே ஒரு மணி நேரம் போயிடும். மதியம் ரூமுக்குப் போய் தூங்கிட்டு, 4.30க்கு மேல நேப்பியர் பாலத்துல இருந்து மெரினா நடைபாதையில மெதுவா நடங்க, தண்ணியில கால் நனைக்கறதோட நிறுத்திக்குங்க, அந்தக் கடல்ல இழுப்பு ஜாஸ்தி. அங்க மணல்ல நிக்கும்போது வடக்க திரும்பினா துறைமுகத்து கிரேனுங்க தெரியும், காலைல பையன் தேடின பீச்சு எங்க போச்சுங்கறத அப்பக் காட்டுங்க.